வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்: 'ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?' வேண்டவே வேண்டாம்... செய்ய வேண்டியது என்ன?

வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்துவிட்டது. சேற்றைத் தள்ளி, தரையைக் கழுவியாச்சு. அடுத்து எல்லோருடைய கண்ணும் போவது ஃபிரிட்ஜ் பக்கம், வாஷிங் மெஷின் பக்கம். பல மாதம் தவணை கட்டி வாங்கிய பொருள். "வேலை செய்யுதா இல்லையான்னு ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துடுவோமே" என்று கை சுவிட்சை நோக்கிப் போகும்.

அந்த ஒரு தடவைதான் ஆபத்து. உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், சில நூறு ரூபாயில் சரியாகி இருக்க வேண்டிய பொருள் மொத்தமாக எரிந்துபோகலாம். அதைவிட மோசம், பொருளின் உடம்பிலேயே மின்சாரம் ஏறி, தொட்டவரின் உயிரைப் பறிக்கலாம்.

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம், புதுச்சேரி என ஒவ்வொரு மழைக்கும் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காலம் இது. 'நம்ம ஏரியாவுக்குத் தண்ணி வராது' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெள்ளத்தில் நனைந்த வீட்டு உபயோகப் பொருட்களை என்ன செய்வது? எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: கரன்ட் வருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள்

வெள்ளம் வந்தால் மின் வாரியம் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். தண்ணீர் வடிந்த பிறகு தெருத் தெருவாகத் திரும்பக் கொடுப்பார்கள். அது பகலாகவும் இருக்கலாம், நள்ளிரவாகவும் இருக்கலாம். நீங்கள் உறவினர் வீட்டில் தங்கி இருக்கும்போது கரன்ட் வந்தால், பிளக்கில் செருகியபடியே இருக்கும் ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் ஆன் செய்யாமலேயே ஆபத்து வீட்டுக்குள் வந்துவிடும்.

எனவே வீட்டுக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியவை:

* தரையில் தண்ணீர் நிற்கும்போது சுவிட்ச் போர்டைத் தொடாதீர்கள். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு, காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, ரப்பர் செருப்புடன், கை ஈரமில்லாமல் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.

* மெயின் போர்டோ, மீட்டர் பெட்டியோ நனைந்திருந்தால் கையே வைக்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழ்த்தளத்து பார்க்கிங்கில்தான் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அங்கே தண்ணீர் ஏறி இருந்தால் மின் வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-ஐ அழைத்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

* இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வீட்டு வயரிங்கில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் தனியாக ஆஃப் செய்ய வேண்டும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதற்கும் இதே விதிதான்.

* மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் ஆஃப் ஆனபிறகு எல்லாப் பொருட்களின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. சில வீடுகளில் வயரிங் மாறி இணைக்கப்பட்டிருக்கும். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பொருளுக்குள் மின்சாரம் நிற்கும்.

* சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகள் மூழ்கி இருந்தால், எலக்ட்ரீஷியன் அவற்றைக் கழற்றிக் காயவைத்து சோதித்த பிறகே மெயினைப் போடணும்.

துடைப்பதற்கு முன்பு போட்டோ எடுங்கள்

சேற்றோடு இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்தால் உடனே கழுவத்தான் தோன்றும். இரண்டு நிமிடம் பொறுங்கள். நிவாரணம், இன்சூரன்ஸ், சர்வீஸ் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது ஆதாரம்தான்.

சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி அறை முழுவதையும் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக போட்டோ எடுங்கள். பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண், சீரியல் எண் இருக்கும். அதையும் தெளிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் தண்ணீரில் போய்விட்டதா? கவலை வேண்டாம். ஆன்லைனில் வாங்கி இருந்தால் மெயிலில் இருக்கும். கடையில் வாங்கி இருந்தால் உங்கள் செல்போன் எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். தவணையில் வாங்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமே விவரம் இருக்கும். பொருள் கெட்டுவிட்டாலும் மீதித் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கழுவும்போது கவனம்: அது வெறும் மழைத்தண்ணீர் அல்ல

வீட்டுக்குள் வந்தது சாக்கடையும் கழிவும் கலந்த தண்ணீர். காலில் கையில் சின்னக் காயம் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றலாம். கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். அடுத்த சில நாட்களில் காய்ச்சல், கடுமையான உடல்வலி வந்தால், வெள்ளநீரில் இறங்கியதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிளக் பிடுங்கிய பொருளின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, சேற்றை எடுத்துவிடலாம். சேறு உள்ளேயே காய்ந்துவிட்டால் இரும்பு பாகங்களை அரிக்கும், மின்சாரம் கசியவும் வழி விடும். ஆனால் மோட்டார், சர்க்யூட் போர்டு இருக்கும் பகுதியில் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டாம். அது மெக்கானிக்கின் வேலை.

ஃபிரிட்ஜின் உட்புறத்தைக் கிருமிநீக்கம் செய்ய, நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வாசனையில்லாத பிளீச்சிங் திரவத்தைக் கலந்து துடைத்து, காற்றில் காயவிடலாம். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங்கோடு டாய்லெட் கழுவும் ஆசிட், வினிகர் எதையும் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

ஃபிரிட்ஜ்: தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது?

'என் ஃபிரிட்ஜ் பிழைக்குமா?' என்ற கேள்விக்குப் பதில், தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதில்தான் இருக்கிறது.

ஸ்டாண்டு வரை மட்டும்: ஸ்டாண்டு மேல் வைத்து, தண்ணீர் ஃபிரிட்ஜின் அடிப்பாகத்தைத் தொடவே இல்லை என்றால் பெரிய பிரச்னை இல்லை. வயர், பிளக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகு பயன்படுத்தலாம்.

கம்ப்ரஸர் மூழ்கியது: பின்பக்கம் கீழே கறுப்பாக உருண்டையாக இருப்பதுதான் கம்ப்ரஸர். அது முழுவதுமாக மூடி சீல் செய்யப்பட்ட பாகம், அதன் உள்ளே தண்ணீர் போகாது. நல்ல செய்தி இதுதான். ஆனால் அதன் பக்கவாட்டில் இருக்கும் ரிலே, ஓவர்லோடு, வயர் இணைப்புகள் நனைந்திருக்கும். இன்வெர்ட்டர் மாடல் என்றால் சர்க்யூட் போர்டும் பின்பக்கம் கீழேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ரிலே, ஓவர்லோடு மாற்றுவது சின்னச் செலவு. போர்டு போயிருந்தால் செலவு ஏறும். எப்படியானாலும் இந்த நிலையில் பல ஃபிரிட்ஜ்களைக் காப்பாற்றிவிடலாம். ஈரத்தோடு ஆன் செய்தால்தான் ரிலேயும் போர்டும் எரிந்து, கூடவே கம்ப்ரஸரும் போகும்.

உள் அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது, அல்லது ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது: இங்கேதான் யோசிக்க வேண்டும். ஃபிரிட்ஜின் வெளித்தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே குளிர் வெளியே போகாமல் தடுக்கும் ஃபோம் இருக்கிறது. கழிவுநீர் அதற்குள் இறங்கிவிட்டால் அதைக் காயவைக்க வழியே இல்லை. பூஞ்சை பிடிக்கும், நாற்றம் போகாது, குளிர்ச்சியும் குறைந்து கரன்ட் பில் ஏறும். மெக்கானிக் ஓட வைத்துக் கொடுத்தாலும், சாப்பாடு வைக்க அது நம்பகமான பெட்டி அல்ல. பழைய ஃபிரிட்ஜ் என்றால் பணம் போடாமல் விடுவதே நல்லது.

இன்னொன்று. இப்போது வரும் பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ என்ற வாயு தீப்பிடிக்கக்கூடியது. சமையல் கேஸ் போல இதற்கு வாசனை சேர்ப்பதில்லை. அதனால் கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது. குழாய் வளைந்தோ உடைந்தோ இருந்தால், பக்கத்தில் தீக்குச்சி, ஊதுபத்தி வேண்டாம். ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள்.

உள்ளே இருந்த உணவு: வெள்ளநீர் தொட்ட எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கவரில் இருக்கும் பால், மாவு, மூடி போட்ட டப்பாவில் இருந்த குழம்பு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். தண்ணீர் புகாமல் கரன்ட் மட்டும் போன வீடுகளில், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் நான்கு மணி நேரம் வரை உணவு தாங்கும். இன்சுலின் போன்ற மருந்துகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தலாமா என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாஷிங் மெஷின்: "தண்ணியிலேயே ஓடுற மெஷின்தானே?"

பலரும் ஏமாறுவது இதில்தான். தண்ணீர் நிற்பது மெஷினின் தொட்டிக்குள். மோட்டாரும் வயர்களும் இருப்பது தொட்டிக்கு வெளியே. அந்தப் பகுதி நனைவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

டாப் லோடு மெஷினில் மோட்டார் அடியிலும், சர்க்யூட் போர்டு பெரும்பாலும் மேல் பேனலிலும் இருக்கும். தண்ணீர் முழங்கால் அளவு நின்றிருந்தால் போர்டு தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. மோட்டாரைக் கழற்றி, கழுவி, காயவைத்து, தேவைப்பட்டால் கெப்பாசிட்டர், பெல்ட்டை மாற்றி ஓட வைத்துவிடலாம். ஃப்ரன்ட் லோடு மெஷினில் சில மாடல்களில் போர்டும் கீழேயே இருக்கும். அப்போது செலவு அதிகம்.

ரிப்பேர் முடிந்த பிறகு, துணி போடாமல் சுடுதண்ணீரில் ஒரு தடவை ஓடவிட்டு, டிரெயின் ஃபில்டரில் அடைத்த சேற்றை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு துணி போடுங்கள்.

மற்ற பொருட்கள்: எதைக் காப்பாற்றலாம்?

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்: இவற்றின் மோட்டாரைப் பிரித்து, காயவைத்து, தேவைப்பட்டால் காயில் கட்டித் தரும் கடை எல்லா ஊரிலும் உண்டு. அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் இன்னமும் ஓடும் வீடுகளில், செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

டி.வி.: சுவரில் மாட்டியது பெரும்பாலும் தப்பிவிடும். மேஜையில் இருந்து மூழ்கியது என்றால் திரையே போயிருக்கும். திரையை மாற்றும் செலவு புது டி.வி. விலையை நெருங்கும்.

ஏ.சி.: ஸ்பிளிட் ஏ.சி.யின் உள்யூனிட் உயரத்தில் இருப்பதால் தப்பிக்கும். தரையில் வைத்த அவுட்டோர் யூனிட் மூழ்கி இருந்தால், ரிமோட்டைத் தொடுவதற்கு முன் மெக்கானிக்கை அழையுங்கள்.

மைக்ரோவேவ்: நீங்களே பிரிக்க வேண்டாம். இதில் இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி: மூழ்கிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே ஆசிட் இருக்கிறது, கையுறை இல்லாமல் தூக்கவும் கூடாது. பேட்டரிக் கடையில் காட்டுங்கள்.

ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர்: மூழ்கி இருந்தால் எல்லா ஃபில்டரையும் மாற்றி, டேங்கைக் கிருமிநீக்கம் செய்யும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

கேஸ் அடுப்பு, சிலிண்டர்: மின்சாரப் பொருள் இல்லை என்றாலும் அலட்சியம் வேண்டாம். மூழ்கிய ரெகுலேட்டர், டியூபை ஏஜென்சியிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

"ரெண்டு நாள் வெயில்ல வெச்சா போதுமா?"

போதாது. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், மோட்டாரின் காயிலுக்குள் ஈரம் பல நாட்கள் தங்கும். ஹேர் டிரையரை வைத்துச் சூடேற்றினால் பிளாஸ்டிக் பாகங்கள் உருகும், ஈரம் இன்னும் உள்ளே தள்ளப்படும். பேனலை மெக்கானிக் கழற்றிவிட, காற்றோட்டமான இடத்தில் காயவைப்பதுதான் முறை.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு 'மெகர்' என்ற கருவி இருக்கிறது. மோட்டார் காயிலுக்கும் பொருளின் உடம்புக்கும் நடுவே மின்கசிவு இருக்கிறதா என்று இது காட்டிவிடும். அளவு ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மின்சாரம் கொடுக்கக் கூடாது. மெக்கானிக் வந்ததும் "மெகர் வெச்சுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பார்க்காமலேயே 'ஆன் பண்ணிப் பார்ப்போம்' என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது, மூன்று பின் பிளக்கில், எர்த் சரியாக இருக்கும் பாயின்ட்டில் மட்டும் செருக வேண்டும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உங்களுக்குக் கவசம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் சிமிட்டும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். 'அடிக்கடி டிரிப் ஆகுது' என்று அதைத் தவிர்த்துவிட்டு நேராக இணைப்பது, தற்கொலைக்குச் சமம். டிரிப் ஆகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

யாருக்காவது ஷாக் அடித்தால், அவரைக் கையால் தொடாமல் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ரிப்பேரா, புதுசா? எப்படி முடிவு செய்வது?

ரிப்பேர் செலவு, புதுப் பொருள் விலையில் பாதியைத் தாண்டினால், அதுவும் பொருள் ஏழெட்டு வருடம் பழசு என்றால், புதிது வாங்குவதே லாபம். பாதிக்குக் கீழே என்றால் ரிப்பேர் செய்யலாம்.

வெள்ளம் வடிந்ததும் தெருவுக்குத் தெரு திடீர் மெக்கானிக்குகள் வருவார்கள். எல்லோரும் மோசமானவர்கள் அல்ல. ஆனால் பொருளை வெளியே எடுத்துப் போகும் யாரிடமும் எழுத்துப்பூர்வமான ரசீது வாங்குங்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 2023 வெள்ளத்துக்குப் பிறகு சில நிறுவனங்கள் சிறப்பு சர்வீஸ் முகாம்கள் நடத்தின. அவசரப்படுவதற்கு முன், உங்கள் நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணை ஒரு தடவை அழைத்துக் கேளுங்கள்.

வாரன்டி, இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வாரன்டி: பொதுவாகக் கிடைக்காது. வாரன்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைச் சேதம் அதில் வராது என்று அட்டையிலேயே எழுதி இருப்பார்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரன்டியிலும் பெரும்பாலும் இதே கதைதான். உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

வீட்டு இன்சூரன்ஸ்: கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி ஒரு பாலிசி போட்டிருக்கலாம். அது வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா, அதில் பொருட்களும் அடங்குமா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

கிளெய்ம் செய்யும்போது: உடனடியாகத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை பொருளை விற்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். அழுகும் உணவை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுக் கொட்டலாம். சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி இணையுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனம் இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் செய்யலாம். சர்வீஸில் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவைக்கு அங்கே கட்டணமே கிடையாது. பிரச்னை நடந்து இரண்டு வருடத்துக்குள் போகணும்.

தூக்கிப் போடும் முன்...

கெட்டுப்போன ஃபிரிட்ஜைத் தெருவில் விட்டுவிட்டால், யாராவது கம்ப்ரஸருக்காக வெட்டி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் வாயு வெளியேறி, வெட்டுபவருக்கே தீக்காயம் ஏற்படலாம். சின்னக் குழந்தைகள் விளையாட்டாக உள்ளே புகுந்து கதவு மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வெளியே வைப்பதாக இருந்தால் கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள். காயலான் கடையில் போடுவதற்குப் பதில், அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுப்பது நல்லது. தாங்கள் விற்ற பொருட்களின் கழிவுக்கு நிறுவனங்களே பொறுப்பு என்று 2022 மின்கழிவு விதிகள் சொல்கின்றன. எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி எண் 1913-ஐ அழைத்து விசாரிக்கலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களும் கவனம். பளபளவென்று துடைத்து விற்கும் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரஸர் அறையைத் திறந்து பாருங்கள். திருகுகளில் துரு, மூலைகளில் காய்ந்த சேறு, பூஞ்சை வாடை இருந்தால் அது தண்ணீரில் கிடந்த பொருள்.

அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை

* எச்சரிக்கை வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். மூழ்கினாலும், மின்சாரம் ஓடாமல் மூழ்கிய பொருளைக் காப்பாற்றுவது எளிது.

* மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஆர்.ஓ. போன்ற தூக்கக்கூடிய பொருட்களைப் பரணுக்கு ஏற்றுங்கள்.

* ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை முடிந்தவரை உயரமான ஸ்டாண்டில் அல்லது கட்டிய மேடையில் வையுங்கள்.

* பில், வாரன்டி அட்டை, சீரியல் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

* கீழ்த்தளத்து வீட்டில் வயரிங் மாற்றும்போது, பிளக் பாயின்ட்டுகளைச் சுவரில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜ் போனால் இன்னொன்று வாங்கலாம். தவணை முடிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். அவ்வளவுதான். நனைந்த பொருளை மெக்கானிக் பார்க்கும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.